கடைசிச் சவாரிக்கு ஒரு தேதி

2024 நவம்பர் 10 அன்று, அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் பூங்காவில் கிங்டா கா ரோலர் கோஸ்டரில் ஏறியவர்களுக்கு அதுதான் அதன் கடைசி நாள் என்று தெரியாது. 456 அடி, அதாவது 139 மீட்டர் உயரம். அன்றைக்கு உலகிலேயே உயரமான ரோலர் கோஸ்டர் அதுதான். நான்கு நாள் கழித்து, அது இனி ஓடாது என்று நிர்வாகம் அறிவித்தது. 2025 பிப்ரவரி 28 காலையில் வெடிவைத்துச் சாய்த்துவிட்டார்கள்.

ரசிகர்கள் கொதித்தார்கள். அவர்கள் பேச்சைக் கவனித்தால், ‘ஏன் இடித்தீர்கள்’ என்பதைவிட ‘ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை’ என்பதுதான் ஓங்கிக் கேட்டது.

கிங்டா கா போனதற்கான காரணம், இயந்திரம் தெரிந்தவர்களுக்குப் பெரிய புதிர் அல்ல. ஹைட்ராலிக் அழுத்தத்தில் சுழலும் ஒரு வின்ச், கேபிளைச் சுருட்டி ரயிலை இழுக்கும். மூன்றரை விநாடியில் மணிக்கு 206 கிலோமீட்டர் வேகம். மொத்தச் சவாரி ஒரு நிமிடம்கூட வராது. கேபிளும் பம்புகளும் ஒவ்வொரு சவாரிக்கும் இந்த அடியைத் தாங்க வேண்டும் என்றால் பழுதுக்குக் கேட்கவா வேண்டும்? பலத்த காற்று அடித்தாலும் நிறுத்தித்தான் ஆக வேண்டும். சில நேரம் ரயில் உச்சியைத் தாண்ட முடியாமல் வந்த வழியே பின்னோக்கி இறங்கும். தடத்தில் உள்ள காந்த பிரேக்குகள் அதைப் பிடித்து நிறுத்தும். வெளியாளுக்கு அது கோளாறு, ரசிகருக்கோ அதிர்ஷ்டம். அப்படிப் பின்னால் வந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்கள் உண்டு.

இதே வகை இயந்திரத்தோடு 2003இல் ஒஹாயோ மாநிலத்து சீடர் பாயின்ட் பூங்காவில் வந்தது டாப் த்ரில் டிராக்ஸ்டர். 2021 ஆகஸ்டில் ரயிலிலிருந்து தெறித்த ஓர் உலோகத் துண்டு, வரிசையில் நின்ற பெண் ஒருவரைக் கடுமையாகக் காயப்படுத்தியது. அதன்பின் பழைய வடிவில் அது ஓடவே இல்லை. வேறு இயந்திரத்தோடு 2024 மே மாதம் திறந்தார்கள். ஒரு வாரம் போல ஓடியதும் மீண்டும் மூடினார்கள். அடுத்த ஆண்டுதான் திரும்ப வந்தது.

சொல்லாமல் மூடிய கிங்டா காவுக்கு நேர் எதிர், டிஸ்னியின் ஸ்பிளாஷ் மவுண்டன். மரக்கட்டைப் படகில் ஏறி, கடைசியில் சுமார் ஐம்பது அடி சரிவில் தண்ணீருக்குள் பாயும் ரைடு. 1989இல் கலிஃபோர்னியாவிலும் 1992இல் ஃபுளோரிடாவிலும் திறக்கப்பட்டது. அதன் பாத்திரங்கள் ‘சாங் ஆஃப் தி சவுத்’ என்ற 1946ஆம் ஆண்டுப் படத்திலிருந்து வந்தவை. கறுப்பின மக்கள் துயரப்பட்ட தோட்டங்களை இனிக்க இனிக்கக் காட்டுகிறது என்ற கண்டனத்துக்கு ஆளான படம் அது. அமெரிக்காவில் வீட்டு வீடியோவாக டிஸ்னி அதை வெளியிட்டதே இல்லை. 2020 ஜூனில், ‘பிரின்சஸ் அண்ட் தி ஃபிராக்’ கதைக்கு ரைடை மாற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. மாற்று என்று ஒரு மனு, மாற்றாதே என்று இன்னொரு மனு, இரண்டிலும் கையெழுத்து குவிந்தது.

ஆனால் இங்கே விடைபெற இரண்டரை ஆண்டு கிடைத்தது. ஃபுளோரிடாவில் கடைசி நாள் 2023 ஜனவரி 22. அன்று மூன்று மணி நேரத்துக்கும் மேல் வரிசையில் நின்றார்கள். அந்த ரைடின் தண்ணீர் என்று சொல்லி பாட்டிலிலும் பையிலும் அடைத்து இணையத்தில் ஏலம் விட்டவர்களும் இருந்தார்கள். கேலிக்கூத்து என்று ஒதுக்கலாம்தான். எனக்கென்னவோ, காரியம் நடத்த நாள் கிடைத்த வீட்டின் அழுகைக்கும் கிடைக்காத வீட்டின் அழுகைக்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கே தெரிகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவின் ஸ்பிளாஷ் மவுண்டனில் ஆடிப்பாடிய இயந்திர விலங்குகளில் பெரும்பாலானவை, 1988இல் மூடப்பட்ட ‘அமெரிக்கா சிங்ஸ்’ என்ற காட்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. மூடப்பட்டதற்காக ரசிகர்கள் அழுத ரைடே, முன்பு மூடப்பட்ட ஒன்றின் உறுப்புகளால் ஆனதுதான்.

எதிர்ப்பைக் கூட்டம் கூட்டிக் காட்டும் வழக்கம் இணையம் எல்லார் கைக்கும் வருமுன்பே தொடங்கிவிட்டது. ஃபுளோரிடா டிஸ்னி பூங்காவின் மிஸ்டர் டோட்ஸ் வைல்டு ரைடை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு 1997இல் கசிந்தபோது, ரசிகர்கள் வாசகம் அச்சிட்ட டி-ஷர்ட் அணிந்து பூங்காவுக்குள்ளேயே கூடினார்கள். நுழைவுக் கட்டணம் கட்டி உள்ளே போய் நடத்திய போராட்டம்! பயனில்லை; 1998 செப்டம்பர் 7இல் மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் வந்த வின்னி தி பூ ரைடில், மிஸ்டர் டோட் என்ற தேரையார் வீட்டுப் பத்திரத்தை ஆந்தையிடம் கொடுப்பது போல ஒரு படத்தை மாட்டிவைத்தார்கள். வடிவமைப்பாளர்களுக்கும் மனசு உறுத்தியிருக்க வேண்டும்.

ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் நிறுத்திவைப்பது வேறு கதை. ரோலர் கோஸ்டர் தடம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; ஒரு பகுதியில் ஒரே நேரத்தில் ஒரு ரயிலுக்குத்தான் அனுமதி. ரயில் எங்கே இருக்கிறது என்று சென்சார்கள் சொல்வதும் கணினி எதிர்பார்ப்பதும் ஒத்துப்போகாவிட்டால், எல்லாம் தானாக நின்றுவிடும். பெரும்பாலும் பாதுகாப்பு ஏற்பாடு சரியாக வேலை செய்கிறது என்பதற்கே அது அடையாளம். கடல் கடந்து, கடன் வாங்கி, பிள்ளைகளைக் கூட்டிவந்த அப்பாவுக்கு இந்த விளக்கம் ஆறுதல் ஆகாது. அதனால்தான் பல பூங்காக்கள் பராமரிப்பு நாட்களை முன்கூட்டியே பட்டியலிடுகின்றன. வரிசையில் நின்று ஏமாந்தவர்களுக்குப் பிறகு வந்து ஏற ஓர் அனுமதிச் சீட்டு கொடுப்பதும் உண்டு.

அப்படியானால் எல்லா ரைடுக்கும் கடைசி நாளை அறிவித்தால் என்ன? கூட்டம் வரும், வியாபாரமும் நடக்கும். ஆனால் நாள் குறித்த பிறகு அந்த நாள்வரை ரைடு ஓடியாக வேண்டும். அடிக்கடி படுத்துக்கொள்ளும் இயந்திரத்தை நம்பி எந்த நிர்வாகம் அப்படி வாக்குக் கொடுக்கும்? கிங்டா கா விஷயத்தில் அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. சாய்த்த பிறகாவது இதை ரசிகர்களிடம் வெளிப்படையாகப் பேசியிருக்கலாம்.

தவறவிட்டவர்களுக்கு இன்னும் வழி இருக்கிறது. மிஸ்டர் டோட் 1955 முதல் கலிஃபோர்னியாவில் ஓடிக்கொண்டிருக்கிறார். ஸ்பிளாஷ் மவுண்டன் வேண்டுமென்றால் டோக்கியோவுக்கு விமானம் ஏற வேண்டும்.