மூஸி நதியும் ஓர் இஞ்சினீயரும்

ஹைதராபாத் அப்ஸல்கஞ்சில், ஆஸ்பத்திரி வளைவுக்குள் ஒரு புளியமரம் நிற்கிறது. 1908-ம் வருஷம் செப்டம்பர் 28-ந் தேதி மூஸி நதி பெருகியபோது அதன் கிளைகளைப் பற்றிக்கொண்டு சுமார் 150 பேர் பிழைத்தார்கள். மாண்டவர்களோ ஆயிரக்கணக்கானோர்.

மேலேயிருந்த ஏரிகள் பல உடைந்ததே நாசத்தைப் பெருக்கியதென்று, 1909-ல் நிஜாம் சர்க்கார் வரவழைத்த இஞ்சினீயர் ஸ்ரீ எம். விசுவேசுவரய்யா கண்டார். அவர் சொன்ன பரிகாரம், நகருக்கு மேலே மூஸியிலும் அதன் உபநதியாகிய ஈஸியிலும் இரண்டு பெரிய ஏரிகள்! ஏரி உடைந்து அழிந்த ஊருக்கு இன்னும் ஏரியா என்று நமக்குத் திகைப்பு உண்டாகிறது. ஆனால் இவை, வெள்ளம் வந்து தங்குவதற்கென்றே இடம் விட்டு வகுத்தவை. 1920-ல் உஸ்மான் ஸாகரும் 1927-ல் ஹிமாயத் ஸாகரும் கட்டி முடிந்தன. ஊரை விழுங்க வந்த ஜலமே குடிஜலமாயிற்று.

நகரின் சாக்கடைத் திட்டமும் அவர் வகுத்ததே. ஏரிக்கரைக்கு நாம் உல்லாசமாகப் போகிறோம். சாக்கடையை யார் போய்ப் பார்க்கிறார்கள்?