யோசேப்பின் அங்கியும் ராயப்பன்பட்டி மேடையும்

1968 மார்ச் 1-ஆம் தேதி லண்டனில் ஒரு பள்ளிக்கூடத்துச் சிறுவர்கள் மேடையேறி ஒரு பைபிள் கதையைப் பாடினார்கள். மொத்தமே பதினைந்து நிமிடம்தான். அண்ணன்மார் பொறாமையில் குழிக்குள் தள்ளி அடிமையாக விற்றுவிட்ட யோசேப்பு, எகிப்தில் பெரிய அதிகாரியாகி, பஞ்சம் பிழைக்க வந்த அதே அண்ணன்மாருக்குத் தானியம் கொடுத்த கதை. பாட்டு எழுதியவர் டிம் ரைஸ். இசையமைத்த ஆண்ட்ரூ லாயிட் வெப்பருக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. அந்தச் சின்ன நிகழ்ச்சிதான் பிற்பாடு முழுநீள இசை நாடகமாக வளர்ந்து லண்டனிலும் நியூயார்க்கிலும் ஓடியது. அதில் எகிப்து மன்னன் எல்விஸ் பிரெஸ்லி பாணியில் ஆடிப் பாடுவான். வேதாகமத்துக்கும் எல்விஸுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கேட்டுக் கேட்டுச் சலித்த கதையைப் பாட்டியும் பேரனும் ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்க்க வைத்தது அந்தக் குறும்புதான். குடும்பத்தோடு பார்க்கும் இசை நாடகம் என்றாலே பெருநகரம், பெரிய அரங்கம், கோடிக்கணக்கில் பணம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் யோசேப்பு நாடகம் பிறந்த இடம் பள்ளிக்கூடம். அப்படியானால் கம்பம் பள்ளத்தாக்கில், ராயப்பன்பட்டி போன்ற ஓர் ஊரில், அப்படி ஒன்று ஏன் பிறக்கக் கூடாது? பிறப்பதற்கு வேண்டிய எல்லாம் இங்கே ஏற்கெனவே இருக்கிறது, சேர்மானமும் நேரமும்தான் தப்பாக இருக்கின்றன என்பது என் வாதம்.

திராட்சைத் தோட்டங்களும் சண்முகாநதி அணையும் சூழ்ந்த ராயப்பன்பட்டி, தேவாலயமும் அதையொட்டி வளர்ந்த பள்ளிக்கூடமும் உள்ள ஊர். தென் மாவட்டத்துக் கத்தோலிக்க ஊர்களுக்கு ஏசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம் தெரியும். சுற்றுவட்டாரத்துக் கோயில் திருவிழாக்களுக்கு ஸ்பெஷல் நாடகம் தெரியும். இந்த ஸ்பெஷல் நாடகத்தின் ஏற்பாடே அதிசயமானது. அதற்கென்று நிரந்தரக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் என ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி முடிக்கிறார்கள். ஒத்திகை இல்லாமல் மேடையில்தான் சந்தித்துக்கொள்கிறார்கள். ஓரத்தில் ஆர்மோனியத்தோடு பின்பாட்டுக்காரர், மிருதங்கம், பக்கத்தில் தாளமும் தட்டுமுட்டுமாக ‘ஆல்ரவுண்ட்’. பபூன் வழுக்கி விழுந்தால் அந்த நொடியே ‘டமார்’ என்று ஜால்ரா விழ வேண்டும். விழுகிறது. சொல்லி வைத்து வருவதில்லை இது. பல்லாண்டு காதுப் பழக்கம். இந்தக் கலைஞர்களின் மையமான மதுரை, கம்பத்திலிருந்து சில மணி நேரப் பேருந்துப் பயணம்தான்.

பெரும்பாலும் போடுவது வள்ளி திருமணம். தினைப்புனம், கவண்கல், கிளி விரட்டல், கிழவனாக வேஷம் போடும் முருகன், பயமுறுத்த வரும் யானை என்று குழந்தைக்குப் பிடித்த அத்தனையும் அதில் இருக்கிறது. ஆனால் நாடகம் தொடங்குவதே இரவு பத்து மணிக்கு. முதலில் பபூன் வருவார், பிறகு டான்ஸ். இரட்டை அர்த்தப் பேச்சில் நேரம் போகும். வள்ளியும் வேடனாக வந்த முருகனும் தர்க்கம் பண்ணும்போது பிள்ளைகள் பாயில் சுருண்டு தூங்கிப் போயிருப்பார்கள். குழந்தைக்கான கதை, குழந்தை விழித்திராத நேரத்தில் நடக்கிறது. இதைக் கலையின் குற்றம் என்று சொல்ல மாட்டேன். நாம் வரிசைப்படுத்திய விதத்தின் கோளாறு இது.

முன்பு தமிழ் மேடையில் பிள்ளைகள் ஏறியதில்லையா என்றால், அவர்களே மேடையை ஆண்ட காலம் உண்டு. 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபைக்குச் சங்கரதாஸ் சுவாமிகள்தான் ஆசிரியர். சிறுவர்களுக்காக ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை அவர் ஒரே இரவில் எழுதி முடித்ததை, அங்கே பயின்ற டி.கே. சண்முகம் பதிவு செய்திருக்கிறார். நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பால விநோத சங்கீத சபா, ராமாயணத்தோடு ‘ஏசுநாதர்’ நாடகத்தையும் நடத்தியது. ஆனாலும் அந்தப் பெருமையில் ஒரு கறை உண்டு. பாய்ஸ் கம்பெனி எனப்பட்ட இந்தச் சபைகள், படிக்க வேண்டிய வயதில் வீட்டைப் பிரிந்து வேலை பார்த்த பிள்ளைகளின் உழைப்பில் நின்றவை. அந்த முறை திரும்பி வர வேண்டும் என்று யாரும் கேட்கக் கூடாது. பிள்ளைகள் பெரியவர்களுக்காக நடித்ததற்கும், பெரியவர்கள் பிள்ளைகளையும் கூட்டத்தில் ஓர் ஆளாக மதித்து நடிப்பதற்கும் பெரிய வித்தியாசம். புதுச்சேரியின் வேலு சரவணன் இந்த இரண்டாவது வழியில் போனவர். அவருடைய ‘கடல் பூதம்’ எத்தனையோ பள்ளிகளில் நடந்திருக்கிறது. கத்திக் கூச்சலிட்டு, பதில் சொல்லி, நாடகத்துக்குள்ளேயே புகுந்துவிடும் குழந்தைகளை அவர் அதட்டி உட்கார வைப்பதில்லை.

‘பழைய கதையில் கை வைக்கலாமா? பக்தி கெடாதா?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். கை வைக்காத கதை எது என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. பெரியபுராணத்து நந்தனாருக்கு வேதியர் என்ற பண்ணையாரைச் சேர்த்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். இன்று நந்தனார் என்றதும் அந்தப் பண்ணையாரோடு சேர்த்துத்தான் ஊர் நினைக்கிறது. பிரகலாதன் கதையைத் தலைகீழாக்கி, இரணியனை வீரனாக நிறுத்தி ஒரு நாடகம் எழுதினார் பாரதிதாசன். அந்த நாடகம் 1934-இல் பெரியார் தலைமையில் மேடையேறியது. பின்னர் அரசு அதைத் தடை செய்தது. ஆஸ் நாட்டுக் கதையைச் சூனியக்காரியின் பக்கமிருந்து சொல்லும் ‘விக்கெட்’ இசை நாடகத்தை 2003-இல் நியூயார்க் மேடையேற்றியபோது உலகம் வியந்தது. வில்லனின் பக்கமிருந்து கதை சொல்லும் அந்த வித்தையை நம் மேடை கிட்டத்தட்ட எழுபது வருஷம் முன்பே செய்து பார்த்துவிட்டது. பாரதிதாசன் சொன்னதை எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. கதையை மாற்றியதால் பிரகலாதன் அழிந்துபோகவில்லை என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

‘சினிமாவும் செல்போனும் இருக்க நாடகம் எதற்கு?’ என்பார்கள். இந்தப் பள்ளத்தாக்கு இதற்குப் பதில் சொல்லியாயிற்று. பக்கத்துப் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன், ஜனங்கள் ஏற்கெனவே முணுமுணுத்த சினிமா மெட்டுகளில் புதுச் சொற்களைப் போட்டு மேடைமேடையாகப் பாடினார். கூட ஆர்மோனியம் வாசித்த தம்பிதான் பிற்பாடு இளையராஜா ஆனார். சினிமா பரப்பிய மெட்டையே மேடை தனக்கு முதலாக்கிக்கொண்டது. எகிப்து மன்னனை எல்விஸாக்கிய லண்டன் உத்தியும் கிட்டத்தட்ட இதுவே. தெரிந்த மெட்டு இருந்தால் ஐந்து வயதுப் பிள்ளை இரண்டாம் அடியிலேயே கூடச் சேர்ந்துகொள்ளும். செல்போன் திரைக்குள் இருப்பவர் திரும்பக் கேட்க மாட்டார், பபூன் கேட்பார்.

மூன்றாவது ஆட்சேபம் கலைஞர்கள் பக்கமிருந்து வரக்கூடியது, எனக்கு அதுதான் கனமாகப் படுகிறது. விடிய விடிய நடக்கும் கலையை இரண்டு மணி நேரமாகச் சுருக்கினால் தர்க்கத்தின் உயிர் போய்விடும். வாய்க்கு வந்தபடி கேள்வி எழுப்பி, பதிலுக்குப் பதில் பாடி மடக்கும் திறமைக்கு இடமில்லாமல் போகும். உண்மைதான். அதனால் விடியும்வரை நடப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. அதே இரவில், அதே கலைஞர்களைக் கொண்டு, ஏழு மணிக்கு ஒன்றரை மணி நேரம் தனியாக ஒரு சின்ன நாடகம். யோசேப்பின் கதையையே எடுத்துக்கொள்ளலாம். அப்பா யோசேப்புக்குத் தந்த அங்கியைப் பார்த்துப் பொறாமைப்படும் பத்து அண்ணன்மாரும் பேச வேண்டியதில்லை, நாலு பேர் போதும். அவர்களில் ஒருவர் பபூன். எகிப்து மன்னனின் கனவுக்கு யோசேப்பு பொருள் சொல்லும் இடத்தில் ஒரு குட்டித் தர்க்கம் வைத்தால் ராஜபார்ட்டின் கைவரிசைக்கும் வேலை உண்டு. ஏழு கொழுத்த பசுவும் ஏழு மெலிந்த பசுவும் வரும் அந்தக் கனவுக்குப் பள்ளிப் பிள்ளைகளைத் துணைக்கு நிறுத்தலாம், கூலிக்கு அல்ல. பாட்டெழுத உள்ளூர்த் தமிழாசிரியர் இருக்கிறார். ஆர்மோனியமும் ஆல்ரவுண்டும் எப்படியும் பத்து மணிக்கு வந்தாக வேண்டியவர்கள்தான். மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்லி, அதற்குத் தனியாகக் கணக்குப் பார்த்துச் சம்பளம் கொடுப்பது விழாக் கமிட்டியின் வேலை. சீரியல் பல்புக்கும் வாணவேடிக்கைக்கும் ஒதுக்குகிற தொகையில் ஒரு பங்கு அதற்குத் தாராளமாகக் காணும்.