வாயைப் பூட்டியவரே, பேசவில்லை என்பதா?

வழக்குத் தள்ளுபடி! ஏன்? பொருள் தொலையவில்லை என்று மெய்ப்பித்தார்களா? இல்லை. கைதி பொய் சொன்னான் என்று கண்டார்களா? அதுவும் இல்லை. வழக்குப் போட்டவன் அதைத் தொடர்ந்து நடத்தவில்லை என்று ஒற்றை வரி எழுதி, கட்டை மூடிவிட்டார்கள்!

அமெரிக்க நாட்டில், சிறையிலே தன் பொருளைப் பறிகொடுத்து நீதி கேட்ட கைதிகள் பலர் கண்ட முடிவு இது.

"தொலைந்தது என்ன, வைரமா வைடூரியமா?" என்று கேலி பேசுவோருக்குக் கணக்கொன்று காட்டுவோம். 2003-இல் அட்லாண்டா சிறையிலிருந்து கென்டக்கிச் சிறைக்கு மாற்றப்பட்ட ஒரு கைதியின் மூட்டையில் திருக்குர்ஆன் பிரதிகளும், தொழுகை விரிப்பும், வேறு சில பொருள்களும் காணாமற் போயின. மதிப்பு 177 டாலர். மத்திய அரசின் சிறைகளில் சாதாரண வேலைக்கு மணிக்கு 12 சென்ட் முதல் 40 சென்ட் வரைதான் கூலி. 12 சென்ட் வாங்குபவன் 177 டாலர் சேர்க்க 1,475 மணி நேரம் உழைக்க வேண்டும், தோழர்களே! வியர்வையின் விலை அறிந்த நீங்கள் சொல்லுங்கள், அது அற்பத் தொகையா?

அந்த வழக்கில் 2008-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், சட்டக் காவல் அலுவலர் வசம் இருந்த பொருளுக்காக மத்திய அரசிடம் இழப்பீடு கேட்டு வழக்காட முடியாது என்றது. ஒரு கதவு மூடியாயிற்று. நெப்ராஸ்காச் சிறையில் 23 டாலர் 50 சென்ட் பொருளை இழந்தவனுக்கு 1981-இல் அதே மன்றம், மாநிலச் சட்டத்திலேயே பரிகாரம் இருக்கிறது, அங்கே போ என்றது. சரி, மிச்சமிருக்கும் கதவைத் தட்டுகிறான். அங்கே நிற்கிறது, 'வழக்கை நடத்தத் தவறினான்' என்ற பூட்டு!

எப்படித் தவறினான்? மன்றம் கடிதம் அனுப்புகிறது. அதற்குள் அவனை வேறு சிறைக்கு மாற்றிவிடுகிறார்கள். கடிதம் திரும்பி வருகிறது. முகவரி மாறியதை நீயல்லவா தெரிவிக்க வேண்டும் என்கிறார்கள். பிரதிவாதி யார்? சிறை. தபாலைக் கையில் கொடுப்பவர் யார்? அதே சிறை. ஊர் மாற்றுபவர் யார்? அதே சிறை! காலில் விலங்கு பூட்டியவரே, ஓடி வரவில்லை என்று குறை கூறலாமா?

நடத்தாத வழக்குகளை எத்தனை காலம் சுமப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மன்றம் தானாகவே தள்ளுபடி செய்யலாம் என்று 1962-இல் உச்சநீதிமன்றமும் கூறியிருக்கிறது. அக்கறையில்லாதவன் வழக்கைத் தள்ளட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால், மத்திய நீதிமன்றங்களின் 41-ஆம் விதி என்ன சொல்கிறது? உத்தரவில் வேறுவிதமாகக் குறிக்காவிட்டால், இப்படிப்பட்ட தள்ளுபடி, பொதுவாக, வழக்கை விசாரித்துத் தீர்த்ததாகவே கொள்ளப்படும்! கேளாத வழக்கு கேட்ட வழக்காகிறது. பேசாதவன் தோற்றவனாகிறான்.

கைதியின் கையில் எதுவுமில்லை என்பது மன்றத்துக்குத் தெரியாததல்ல. உரிய காலத்தில் சிறை அலுவலரிடம் கொடுத்த மேல்முறையீட்டு அறிவிப்பு ஒரு நாள் தாமதமாகப் பதிவானபோது, அலுவலரிடம் கொடுத்த நாளே தாக்கல் செய்த நாள் என்று 1988-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தவறு கட்சிக்காரனுடையதா, இதைவிட இலேசான நடவடிக்கை உண்டா என்று பார்த்த பிறகே தள்ளுபடி செய்க என 1984-இல் ஒரு மேல்முறையீட்டு மன்றம் வழி வகுத்தது.

அந்த வழியில் இன்னும் ஓர் அடி எடுத்து வைக்கச் சொல்கிறோம். தள்ளுபடிக்கு முன் சிறையைக் கேளுங்கள்: அவன் எங்கே? கடிதம் அவன் கைக்குப் போனதா? கையொப்பம் எங்கே? அதைக் காட்டிய பிறகு தள்ளுங்கள், தாங்கிக்கொள்ளலாம். காட்ட முடியாவிட்டால், வழக்கை நடத்தத் தவறியவன் கைதி அல்ல!