குரைப்புக்கு வேலியில்லை

செட்டிகுளத்தில் யானை ஊர்புகும் இரவுகளில் அயல்வீட்டு நாயின் குரைப்பே காவல். அதனை அடக்கச் சொல்வது முறையன்று. ஆயினும், வேலிக்கு இப்பால் நம் பூனை உணவை வெறுத்து மூலையில் ஒடுங்குகிறதே!

அதனை வெளியே இழுத்துத் தேற்ற முயலாதீர்கள். ஒல்லாந்துக் காப்பகமொன்றில் நிகழ்ந்து 2014இல் வெளியான ஆய்வில், ஒளிந்துகொள்ளப் பெட்டி பெற்ற பூனைகளே விரைவில் அச்சம் தெளிந்தன. ஆகவே, வேலியினின்றும் விலகிய அறையில், உயரமான பரணில், அட்டைப்பெட்டியொன்றை வையுங்கள். உணவும் நீரும் அருகிருக்கட்டும்.

கலக்கம் பூனையின் சிறுநீர்ப்பையையும் தாக்கும். கடுவன் சிறுநீர் கழிக்க இயலாது முக்கினால், அன்றே மிருக வைத்தியரை நாடுங்கள். தாமதம் உயிரைப் பறிக்கும்.

நாய் தன் கடமையைச் செய்யட்டும். பூனைக்கு மறைவிடம் அமைத்தல் நம் கடமை.