ஒரு செடிக்கு 15,000 விதை... ஒரு திருக்கைக்கு ஒரே குட்டி!

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் இருக்கிறது தவளக்குப்பம். அங்கிருந்து கிழக்கே திரும்பினால் நல்லவாடு கடற்கரை. வழியில் காலிமனை, சாலையோரம் என்று கிடைத்த இடத்திலெல்லாம் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ பூத்து நிற்கிறதே, அது பார்த்தீனியம். எதிரே விரியும் வங்கக்கடலில் வாழ்வது கொம்புத் திருக்கை. களைக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? பிள்ளைக் கணக்கைப் பாருங்கள்!

பார்த்தீனியம் நம்ம ஊர்ச் செடி அல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. 1950-களில் புனேயில் கண்டறியப்பட்டு, பிறகு நாடு முழுக்கப் பரவிவிட்டது. ஒரே செடி 15,000 விதைகளுக்கு மேல் தரும். காற்று, மழைநீர், வண்டிச் சக்கரத்தில் ஒட்டும் சேறு என எதிலும் ஏறிப் பயணம் போகும். மண்ணுக்குள் பல ஆண்டுகள் காத்திருந்து முளைக்கவும் செய்யும். செடியைத் தொட்டால் சிலருக்குத் தோல் அரிப்பு வரும். மகரந்தத்தால் மூச்சுத்திணறலும் வரும்.

கொம்புத் திருக்கை இதற்கு நேர் எதிர். ஆங்கிலத்தில் ‘மான்டா ரே’ என்பார்கள். இதில் பெரிய இனம் 7 மீட்டர் அகலம்வரை வளரும். இவ்வளவு பெரிய உடம்பு இருந்தும் யாரையும் கொட்டாது. கடல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும்.

இது முட்டையிட்டுவிட்டுப் போகும் மீன் அல்ல. சுமார் ஓராண்டு வயிற்றில் சுமந்து, பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி ஈனும். அடுத்த குட்டிக்கு 2 முதல் 5 ஆண்டுகள்கூட ஆகலாம். ஆயுள் முழுக்கக் கணக்குப் போட்டாலும் பத்துக் குட்டி தேறுவது கஷ்டம். இதன் செவுள்களுக்குச் சீன மருந்துச் சந்தையில் கிராக்கி உண்டு. வேறு மீனுக்கு விரித்த வலையிலும் சிக்கிக்கொள்கிறது.

ஆக, ஆயிரம் செடியைப் பிடுங்கினாலும் களை திரும்பி வந்துவிடும். ஒரு தாய்த் திருக்கை போனால், அந்த இடம் நிரம்பப் பல வருடங்கள் ஆகும்.

நாம் என்ன செய்யலாம்?

மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, கையுறை போட்டுக்கொண்டு பார்த்தீனியத்தை வேரோடு பிடுங்குங்கள். பூக்கும் முன்பே பிடுங்குவது முக்கியம். விதை பிடித்த செடியைப் பிடுங்கி ஓரமாக வீசினால், நாமே விதைத்த மாதிரிதான்!

வலையில் கொம்புத் திருக்கை உயிரோடு சிக்கினால், திரும்பக் கடலில் விட்டுவிடுவதே நல்லது. அதன் வயிற்றில் ஒரு குட்டி இருக்கலாம்.