குதிரையை அவிழ்த்துவிட்டால் மட்டும் போதாது

குதிரைக்கு அசைபோடத் தெரியாது. மென்று விழுங்கியதோடு சரி. உடம்பைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். இரைப்பை 15 லிட்டருக்கு மேல் கொள்ளாது. அதில் அமிலம் இரவு பகலாகச் சுரக்கும். அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே ஊறும். ஆகவேதான் வெளியில் விட்ட குதிரை நாளுக்கு 16 மணி நேரம்கூட மேய்கிறது. லாயத்தில் கட்டி, வேளாவேளைக்குத் தானியம் வைத்தால் வயிறு புண்ணாகிறது. பந்தயக் குதிரைகளுக்கு இது சர்வசாதாரணம்.

சரி, வேலியடைத்த பச்சைப்பசேல் மேய்ச்சல் நிலத்தில் அவிழ்த்துவிட்டால் தீர்ந்ததா? வில்லங்கமே அங்கேதான். இங்கிலாந்தில் வசந்தம் பிறந்ததும் புல் தளதளவென்று எழும். பகல் வெயிலில் சர்க்கரை சேர்க்கும். இரவில் அதைச் செலவழித்து வளரும். இரவில் கடுங்குளிர் அடித்தால் வளர்ச்சி நின்று, சர்க்கரை தாளிலேயே தங்கிவிடும். உறைபனி விழுந்து வெயில் பளிச்சென்று அடிக்கும் காலை நமக்குத்தான் அழகு. அந்தப் புல்லை வயிறு முட்ட மேய்ந்தால் இன்சுலின் எகிறும். குளம்போட்டையும் உள்ளெலும்பையும் பிணைக்கும் மெல்லிய மடிப்புகள் நெகிழும். நோய் முற்றினால் எலும்பு கீழே திரும்பி, அடிக்குளம்பையே துளைத்துவிடும். பெரும்பாலும் மாட்டுவது கொழுத்த மட்டக்குதிரைகள். முன்கால்களை நீட்டி, பாரத்தைப் பின்னுக்குத் தள்ளிச் சாய்ந்து நின்றால் மருத்துவரைக் கூப்பிடத் தாமதிக்கக்கூடாது.

இதைத் தவிர்க்க வாய்க்கூடு கட்டி மேயவிடுகிறார்கள். அடியில் சின்ன ஓட்டை. அதன் வழியே வரும் புல்நுனி மட்டும்தான் கிடைக்கும். முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும், ஆனால் கால் பிழைக்கும். லாயத்திலிருந்து புதுப்புல்லுக்கு மாற்றும்போதும் முதலில் சில நிமிடங்கள், பிறகு கொஞ்சம் கூட்டி என்றுதான் பழக்குவார்கள்.

குதிரை ஒன்றுக்கு ஒரு ஏக்கர் முதல் ஒன்றரை ஏக்கர் வரை வேண்டும் என்கிறது பிரிட்டிஷ் குதிரைச் சங்கம். இடம் குறைந்தால் புல் மொட்டையாகி, புழுத் தொல்லை பெருகும். லத்தி போட்ட இடத்தைக் குதிரை தொடாது. அங்கே முழங்கால் உயரத்துக்குப் புல், பக்கத்தில் சிரைத்துவிட்டது போல வெறும் தரை. மாட்டையும் சேர்த்து மேயவிட்டால் குதிரை ஒதுக்கியதை அது தின்னும். குதிரையின் குடற்புழுக்களில் பெரும்பாலானவை மாட்டு வயிற்றில் பிழைப்பதில்லை. புழுக்கள் மருந்துக்கு மசியாமல் வரும் இந்தக் காலத்தில், வாரம் இருமுறை லத்தியை அள்ளிக் கொட்டுவதே நம்பகமான வைத்தியம்.

இன்னொரு எதிரி ராக்வார்ட் என்ற மஞ்சள் பூச்செடி. ஈரலைக் கெடுக்கும். பச்சையாக இருக்கையில் கசப்பதால் குதிரை சீண்டாது. காய்ந்தால் கசப்பு போய்விடும், நஞ்சு போகாது. பிடுங்கியதை அங்கேயே போட்டுவிட்டு வந்தால், பிடுங்காமலே இருந்திருக்கலாம்.