நீலத்திரையைக் கண்டு கலங்காதீர்கள்!



பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் வாங்கிய கணனி இன்னும் பல வீடுகளில் மேசைமீது இருக்கின்றது. பிள்ளையின் பாடசாலைச் செயற்றிட்டம், கலியாண வீட்டுப் படங்கள், உங்கள் தையல் கணக்கு எல்லாம் அதற்குள்தான். ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த அது ஒரு நாள் திடீரென நின்று, திரை முழுவதும் நீலமாகி, ஆங்கிலத்தில் ஏதோ எழுதிக் காட்டுகின்றது. "வைரஸ் பிடித்துவிட்டது, போர்மட் பண்ண வேண்டும்" என்று யாரோ சொல்கிறார்கள். நீங்களும் தலையசைத்துவிடுகிறீர்கள்.

சற்றுப் பொறுங்கள். வன்தட்டைப் போர்மட் செய்தால் அதிலுள்ள படமும் கணக்கும் போய்விடும். கோளாறு ஏதாவதொரு பாகத்தில் இருந்தால் அதுமட்டும் போகாது. இரண்டு நாளில் மீண்டும் நீலத்திரை வரும்.

இது ஏன் வருகின்றது?

கணனியை நடத்தும் பணிசெயல் முறைமைக்கு ஒரு மையப்பகுதி உண்டு. அதைக் கேர்னல் என்பார்கள். நினைவகம், வன்தட்டு, அச்சுப்பொறி என எல்லாம் அதன் சொற்படியே இயங்குகின்றன. பெரிய விருந்தில் தலைமைச் சமையற்காரரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சீனியென்று தந்தது உப்பென்று தெரிந்தால் அவர் அடுப்பை அணைத்துவிடுவார். அந்தச் சட்டியைப் பந்திக்கு அனுப்பமாட்டார். கேர்னலும் அப்படித்தான். தன் கணக்கில் பிழை கண்டால், பிழையானதை வன்தட்டில் எழுதிவிடாமல் தானே வேலையை நிறுத்திவிடுகின்றது. விண்டோஸில் அதுவே நீலத்திரை. விண்டோஸ் 11இல் 2025 முதல் அது கறுப்புத்திரையாக மாற்றப்பட்டது. லினக்ஸில் இதற்குக் 'கேர்னல் பெனிக்' என்று பெயர். ஆகவே இது ஓர் எச்சரிக்கை மணி. மணி ஏன் அடித்தது என்றுதான் பார்க்க வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியவை

திரையை உடனே கைத்தொலைபேசியில் படமெடுங்கள். அதில் ஒரு பிழைப் பெயர் இருக்கும். 'மெமரி மனேஜ்மென்ட்' என்றிருந்தால் நினைவகத்தைச் சந்தேகிக்கலாம். 'கேர்னல் டேட்டா இன்பேஜ் எரர்' என்றிருந்தால் வன்தட்டின் பக்கம் பார்க்க வேண்டும். பெயர் முடிவான தீர்ப்பல்ல. தேடுவதற்கு ஒரு திசை மட்டுமே.

அடுத்து, கணனி மறுபடி இயங்கினால் வேறெந்த வேலைக்கும் முன் முக்கியமானவற்றைப் பென்டிரைவில் பிரதி எடுங்கள். எடுத்ததைத் திறந்தும் பாருங்கள். நினைவகம் பழுதாயிருந்தால் பிரதியும் பழுதாகலாம். இயங்கவே இல்லையென்றாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். வன்தட்டைக் கழற்றி வேறொரு கணனியில் இணைத்தும் பிரதி எடுக்கலாம்.

ஒவ்வொன்றாகப் பாருங்கள்

இந்தத் தொல்லை எப்போது தொடங்கியது? புதிய அச்சுப்பொறியையோ மென்பொருளையோ சேர்த்த பிறகா? அப்படியானால் அதனோடு வந்த 'டிரைவரே' காரணமாகலாம். 2024 ஜூலை 19ஆம் திகதி க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான ஒரு கோப்பினால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணனிகள் நீலத்திரையில் நின்றன. அங்கே வன்பொருளில் குறையில்லை. உங்கள் கணனியைச் 'சேஃப் மோட்' முறையில் இயக்கிப் பாருங்கள். அதில் குழப்பமின்றி ஓடினால் டிரைவர்மீது சந்தேகம் கூடும். புதிதாகச் சேர்த்ததை நீக்கிவிட்டுக் கவனியுங்கள்.

அரை மணி நேரம் ஓடிச் சூடேறிய பின்தான் நிற்கின்றதா? மின்னிணைப்பைக் கழற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். விசிறியில் தூசி அப்பியிருக்கும். மென்மையான தூரிகையால் துடையுங்கள். தாய்ப்பலகையில் சிறு உருளைகள் வரிசையாக நிற்கும். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும்; உப்பியோ கசிந்தோ இருந்தால் பழுது அங்கேதான். 2000ஆம் ஆண்டையடுத்த சில வருடங்களில் செய்த பலகைகளில் இக்குறை நிறையவே இருந்தது.

அடுத்தது நினைவகம். உலோகப் பெட்டியை ஒருமுறை தொட்டு, உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிய பிறகே ரேம் பலகையைத் தொடுங்கள். கழற்றி, மீண்டும் இறுக்கமாகப் பொருத்துங்கள். பல சமயம் இதுவே போதும். இரண்டு பலகை இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டிப் பாருங்கள். விண்டோஸிலேயே 'மெமரி டயக்னொஸ்டிக்' என்ற சோதனை உண்டு. பென்டிரைவிலிருந்து இயங்கும் 'மெம்டெஸ்ட்' இன்னும் கடுமையான சோதனை; அதை இரவு முழுவதும் ஓடவிடலாம். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்தப் பலகையை நம்ப வேண்டாம்.

வன்தட்டிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் அதற்கு ஆயுள் குறைவு. பிரதி எடுப்பதைத் தவிர வேறெதற்கும் அதை ஓட்டாதீர்கள்.

மின்வலு வழங்கிப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்க வேண்டாம். இணைப்பைக் கழற்றிய பின்னும் அதற்குள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும். அதில் சந்தேகமென்றால் தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றிவிடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது, காசும் வீணாகும்.

செலவழிக்கும் முன் இதையும் யோசியுங்கள். விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. பழைய கணனிகள் பலவற்றில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அத்தகைய கணனிக்கு இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் ஏற்றதாக இருக்கும்.

திருத்துபவரிடம் கொண்டு போவதானால், எடுத்த படத்தைக் காட்டுங்கள். எப்போது நிற்கின்றது என்பதைச் சொல்லுங்கள். "நினைவகத்தைச் சோதித்தீர்களா? வன்தட்டைப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். பிரதி கையில் வரும்வரை போர்மட்டுக்குச் சம்மதிக்காதீர்கள். கணனியை மறுபடி வாங்கலாம். பிள்ளையின் சிறுவயதுப் படத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.